கடற்காற்றை நம்பியிருக்கும் நகரம்

சென்னையில் காற்று மாசு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அதற்கு முடிவான விடையாக வங்கக் கடல் முன்வைக்கப்படுகிறது. டெல்லியில் குளிர்காலந்தோறும் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்படுவதையும் அங்கே நடுப்பகலில்கூடக் கதிரவன் மங்கித் தெரிவதையும் செய்திகளில் காணும் சென்னைவாசிகள், தங்கள் ஊரில் சேரும் புகையைக் கடற்காற்று அன்றாடம் துடைத்துக்கொண்டு போய்விடுகிறது என்று நம்புகிறார்கள். கிழக்கே எலியட்ஸ் கடற்கரையும் வடக்கே அடையாற்றின் முகத்துவாரமும் பிரம்மஞான சபையின் அடர்ந்த தோப்பும் சூழ அமைந்த பெசன்ட் நகர் அந்த நம்பிக்கைக்கு உயிருள்ள சான்றாகவே கருதப்படுகிறது. தீபாவளிக் காலத்தில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பல ஆண்டுகளாகப் பெசன்ட் நகர், தியாகராய நகர், நுங்கம்பாக்கம், திருவல்லிக்கேணி, சௌகார்பேட்டை ஆகிய ஐந்து இடங்களில் காற்றையும் ஒலியையும் அளந்துவந்திருக்கிறது. பல ஆண்டுகளில் சௌகார்பேட்டை அப்பட்டியலின் மேல்முனையிலும் பெசன்ட் நகர் கீழ்முனையிலும் நின்றிருக்கின்றன.

இந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி உண்மையே நகரத்துக்குக் கேடாகவும் முடிந்திருக்கிறது. காற்று மாசை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லும். பரந்த வெளியில் கலந்து அதன் செறிவைக் குறைக்கும். ஆனால் அதை இல்லாமல் ஆக்கிவிடாது. கடல் இருக்கிறது என்னும் ஆறுதலில், அளக்க வேண்டியவை அளக்கப்படாமலும் தடுக்க வேண்டியவை தடுக்கப்படாமலும் பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. 2019 ஜனவரியில் ஒன்றிய அரசு தேசியத் தூய காற்றுத் திட்டத்தைத் தொடங்கியபோது, தேசிய வரம்புகளைத் தொடர்ந்து மீறிய நகரங்கள் என்று அடையாளம் காணப்பட்டவற்றுள் தமிழ்நாட்டிலிருந்து தூத்துக்குடி மட்டுமே இடம்பெற்றது. மணலியையும் எண்ணூரையும் தன் எல்லைக்குள்ளும் விளிம்பிலும் வைத்திருக்கும் சென்னை, பின்னர் பதினைந்தாம் நிதிக்குழு பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு ஒதுக்கிய நிதியின் வழியாகவே அத்திட்டத்தின் வரம்புக்குள் வந்தது.

காற்றின் நாள்வழக்கம்

கடற்காற்று பகல் முழுவதும் வீசுவதுமில்லை, எல்லாப் பருவத்திலும் ஒரே திசையிலிருந்து வருவதுமில்லை. காலையில் வெயில் ஏறும்போது நிலம் விரைவாகச் சூடாகிறது, நீர் மெதுவாகவே சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று வெப்பத்தால் விரிந்து மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடலின் மேலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே நகர்கிறது. சித்திரை, வைகாசியில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று வலுத்திருந்தால் இந்த வரவு பிற்பகல்வரை தள்ளிப்போகும். அன்றைய வெக்கையின் கடுமை பெரும்பாலும் அந்தத் தாமதத்தைப் பொறுத்ததே. கடற்காற்று உள்ளே வந்த பின், அது கொண்டுவரும் ஒப்பளவில் தூய காற்று தெருக்களில் தேங்கிய புகையை மேற்கு நோக்கித் தள்ளுகிறது. பெசன்ட் நகரில் காற்று நன்றாகிவிடுகிறது. அங்கிருந்து தள்ளப்பட்டது கிண்டிக்கும் வேளச்சேரிக்கும் போய்ச் சேருகிறது.

இரவில் இந்த ஏற்பாடு தலைகீழாகிறது. நிலம் விரைவாகக் குளிர்ந்துவிட, கடலின் மேலுள்ள காற்று ஒப்பளவில் வெதுவெதுப்பாக இருப்பதால், காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி நகர்கிறது. நகரத்தின் அன்றைய வாகனப் புகையும் தூசியும் குப்பை எரித்த நெடியும் இந்த நிலக்காற்றில் ஏறிக் கடற்கரையைக் கடந்துதான் கடலுக்குச் செல்கின்றன. அவ்வாறு சென்றதில் ஒரு பகுதி மறுநாள் கடற்காற்றுடன் சேர்ந்து திரும்பி வருவதும் உண்டு. வளிமண்டல அறிவியலில் இது மறுசுழற்சி எனப்படுகிறது. கடலோர நகரங்களில் மாசு ஒரே நாளில் வெளியேறிவிடும் என்னும் கணக்கு பொய்த்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மார்கழி, தை மாதங்களில் இதனுடன் மற்றொரு நிகழ்வும் சேர்கிறது. பொதுவாக உயரே செல்லச் செல்லக் காற்று குளிரும். ஆனால் பனி இறங்கும் தெளிந்த இரவுகளில் தரையை ஒட்டிய காற்று மேலுள்ளதைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடுவதால், கனமான குளிர்காற்று கீழேயும் இலேசான வெதுவெதுப்பான காற்று மேலேயும் அடுக்காக நின்றுவிடுகின்றன. வெப்பநிலை தலைகீழாதல் என்று சொல்லப்படும் இந்நிலையில் புகை மேலெழுந்து கலைய வழியின்றித் தரையோரமாகவே படிந்து கிடக்கும். எலியட்ஸ் கடற்கரையில் நடைப்பயிற்சி செய்வோர் பெரும்பாலும் விரும்பித் தேர்வது விடியற்காலையைத்தான். தை மாத விடியலில் அங்கே அவர்கள் உள்ளிழுப்பது கடலின் காற்றன்று. இரவெல்லாம் நகரத்தின் மேல் தேங்கி, நிலக்காற்றில் கிழக்கே நகர்ந்துவரும் காற்று. அதே நேரத்தில் சாலையோரத்தில் துடைப்பத்துடன் நிற்கும் தூய்மைப் பணியாளர் அதனுடன் தெருப்புழுதியையும் சேர்த்து உள்ளிழுக்கிறார். நடைப்பயிற்சியாளர் தம் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், பணியாளரால் அது முடியாது.

காற்றுகளைத் திசைவாரியாகப் பெயரிட்டு வழங்குவது தமிழின் பழைய மரபு. அந்த மரபின்படி பார்த்தால், பெசன்ட் நகருக்குத் தெற்கிலிருந்து வரும் தென்றலும் கிழக்கிலிருந்து வரும் கொண்டலும் நன்மை செய்பவை. மேற்கிலிருந்து வரும் கோடைக்காற்று நகரத்தின் புகையைச் சுமந்து வருகிறது. வடக்கிலிருந்து வரும் வாடை, கடற்கரையை ஒட்டியே 20 முதல் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மணலி, எண்ணூர்த் தொழிற்பகுதிகளைத் தொட்டு வரக்கூடியது. வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் தென்சென்னை வடசென்னையின் காற்றைப் பகிர்ந்துகொள்ள நேர்கிறது. அந்தப் பகிர்வில் பெரும்பங்கு வடசென்னைக்கே எஞ்சிவிடுகிறது என்பது வேறு.

வெள்ளைத் தாளில் படியும் அளவு

காற்று மாசு என்று பொதுவாகச் சொல்லப்படுவது பல பொருள்களின் கலவை. கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, தரைமட்ட ஓசோன் முதலிய வாயுக்கள் ஒருபுறம்; மிதக்கும் துகள்கள் மறுபுறம். துகள்களை அவற்றின் விட்டத்தைக் கொண்டு வகைப்படுத்துகிறார்கள்: 10 மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் உள்ளவை பி.எம். 10, 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் உள்ளவை பி.எம். 2.5. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு; மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதால், பி.எம். 2.5 வகைத் துகள்கள் அதில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ ஆனவை.

சென்னையில் இவை இரு முறைகளில் அளக்கப்படுகின்றன. அடையாறு, தியாகராய நகர், கீழ்ப்பாக்கம் போன்ற இடங்களில் நெடுங்காலமாக நடந்துவரும் கைமுறை அளவீட்டில், கண்ணாடி இழையாலான ஒரு வெண்ணிற வடிதாள், ஏறத்தாழ ஓர் எழுதுதாளின் அளவினது, முதலில் ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்ட அறையில் வைத்து எடைபார்க்கப்படுகிறது. பிறகு அது உறிஞ்சு கருவியில் பொருத்தப்பட்டு, நிமிடத்துக்கு ஒரு கன மீட்டருக்குச் சற்று மேற்பட்ட காற்று அதன் ஊடாக இழுக்கப்படுகிறது. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாள் மாற்றப்பட்டு, 24 மணி நேரம் முடிந்ததும் சாம்பலும் பழுப்புமாக நிறம் மாறிய தாள்கள் மீண்டும் எடைபார்க்கப்படுகின்றன. இரு எடைகளின் வேறுபாட்டை இழுக்கப்பட்ட காற்றின் அளவால் வகுத்தால் அன்றைய செறிவு கிடைக்கும். பி.எம். 10க்கான இந்திய வரம்பாகிய கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்னும் அளவில் காற்று இருந்தால்கூட, ஒரு முழு நாளில் தாள்களில் படியும் தூசி ஒரு கிராமில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். கைவிரலால் தொட்டால் ஒட்டிக்கொண்டு வந்துவிடக்கூடிய இந்தச் சிற்றளவு ஒரு நகரத்தின் இறப்பு விகிதத்தை மாற்றவல்லது என்பது நம்புவதற்குக் கடினமானது. காற்று மாசு அரசியலில் இடம்பெறாமல் போவதற்கு இந்தக் கண்ணுக்குப் புலப்படாத தன்மையும் ஒரு காரணம்.

கைமுறை அளவீடு வாரத்துக்கு இரு நாட்கள், ஆண்டுக்கு 104 நாட்கள் என்னும் கணக்கில் நடப்பது. எஞ்சிய நாட்களைப் பற்றி அது ஏதும் சொல்லாது, ஒரு நாளுக்குள் எந்த மணி நேரம் மோசமானது என்பதையும் சொல்லாது. மணிக்கு மணி அளக்கும் தொடர் கண்காணிப்பு நிலையங்கள் ஆலந்தூர், வேளச்சேரி, மணலி, அரும்பாக்கம், கொடுங்கையூர், பெருங்குடி, ராயபுரம் ஆகிய இடங்களில் அமைந்திருக்கின்றன. இவற்றுள் எதுவும் பெசன்ட் நகர்க் கடற்கரையில் இல்லை. அங்கே அளவீடு இன்னொரு காரணத்தாலும் தேவைப்படுகிறது: அலைகள் உடையும்போது எழும் உப்புத் துகள்களும் பி.எம். 10 கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. ஜன்னல் கம்பிகளை இரண்டொரு மழைக்காலத்துக்குள் துருவேற்றிவிடும் அந்த உப்பு, நுரையீரலுக்கு டீசல் கரியளவு கொடியதன்று. எனவே கடலோரத்தில் எடையை மட்டும் அளந்தால் போதாது, துகளின் வேதிக்கூறையும் பிரித்தறிந்தாலொழிய எது இயற்கை, எது எரிப்பின் விளைவு என்பது விளங்காது.

உடலுக்குள் நிகழ்வது

மூக்கின் மயிரும் தொண்டையின் சளிப்படலமும் பெரிய துகள்களைத் தடுத்துவிடுகின்றன. பி.எம். 10 வகையில் பெரும்பகுதி மூச்சுக்குழாய்களில் படிந்து இருமலாகவும் ஆஸ்துமாவாகவும் வெளிப்படுகிறது. பி.எம். 2.5 துகள்களோ மூச்சுக்குழாயின் கிளைகள் அனைத்தையும் கடந்து, இரத்தத்துடன் ஆக்சிஜன் கலக்கும் நுண்ணிய காற்றறைகள்வரை சென்றுவிடுகின்றன; அவற்றுள்ளும் மிகச் சிறியவை அங்கிருந்து இரத்தத்திலேயே கலக்கின்றன. உடல் இவற்றை அந்நியப் பொருளாகக் கண்டு அழற்சியால் எதிர்வினை புரிகிறது. நாள்தோறும் ஓயாமல் தூண்டப்படும் இந்த அழற்சி இரத்தக் குழாய்களின் உட்சுவரைச் சிதைத்து, கொழுப்புப் படிவை விரைவுபடுத்தி, இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. அதனால்தான் காற்று மாசால் நேரும் இறப்புகளில் பெரும்பகுதி நுரையீரல் நோயாகப் பதிவாவதில்லை. மாரடைப்பாகவும் பக்கவாதமாகவும் பதிவாகிறது. மருத்துவச் சான்றிதழில் 'காற்று மாசு' என்று எழுதும் வழக்கம் எங்கும் இல்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013இலேயே வெளிப்புறக் காற்று மாசை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் தொகுதியில் சேர்த்துவிட்டது.

இவையெல்லாம் எங்கோ நிகழ்ந்த ஆய்வுகள் என்று ஒதுக்கிவிட இயலாதபடி, தமிழ்நாட்டிலேயே வலுவான சான்றுகள் சேர்ந்திருக்கின்றன. போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு, 1,285 கருவுற்ற பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், கருவுற்ற காலத்தில் தாய் உள்ளிழுக்கும் பி.எம். 2.5 அளவு 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறக்கும் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைவதைக் கண்டறிந்தது. தனியொரு குழந்தைக்கு 4 கிராம் என்பது பொருட்படுத்தத் தக்கதாகத் தோன்றாது. எடை குறைந்த குழந்தை என்னும் எல்லைக்கோட்டில் நிற்கும் ஆயிரக்கணக்கான பிறப்புகளைச் சேர்த்து நோக்கும்போதுதான் அதன் கனம் தெரியும். அடுப்படிப் புகையும் காற்று மாசில் அடங்கும் என்பதை முதன்முதலில் அழுத்தமாக எடுத்துக்காட்டியவர்களுள் இக்குழுவினரும் உள்ளனர். சென்னையிலும் டெல்லியிலும் 12,000க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2023இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஆண்டுச் சராசரி பி.எம். 2.5 அளவு 10 மைக்ரோகிராம் உயரும்போது இரண்டாம் வகை நீரிழிவு புதிதாக வரும் வாய்ப்பு 22 சதவீதம் கூடுவதைக் காட்டியது. சோற்றையும் இனிப்பையும் மட்டுமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவந்த ஒரு நோய்க்குக் காற்றும் பொறுப்பாளி என்னும் இந்தச் செய்தி, நீரிழிவு மிகுந்த சென்னையில் இதைவிட உரக்கப் பேசப்பட்டிருக்க வேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமானது, 2024 ஜூலையில் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியான பத்து இந்திய நகரங்களின் ஆய்வு. 2008 முதல் 2019 வரையிலான இறப்புப் பதிவுகளைக் கொண்டு, உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவைத் தாண்டிய நுண்துகள் மாசால் ஆண்டுக்கு ஏறத்தாழ 33,000 பேர் அந்நகரங்களில் இறப்பதாக மதிப்பிட்ட அந்த ஆய்வில், சென்னையின் பங்கு ஆண்டுக்குச் சுமார் 2,900. காற்று சுமாராக இருக்கும் நகரங்களைப் பற்றி அவ்வாய்வு காட்டிய போக்குதான் பெசன்ட் நகர் கவனிக்க வேண்டியது: செறிவுக்கும் இறப்புக்குமான தொடர்பு, மாசு மிகுந்த நிலையைவிடக் குறைந்த நிலையில் செங்குத்தாக இருக்கிறது. ஏற்கெனவே பெரும்புகையில் வாழும் இடத்தில் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு மைக்ரோகிராமும் விளைவிக்கும் தீங்கைவிட, ஒப்பளவில் தூய்மையான இடத்தில் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு மைக்ரோகிராமும் அதிகத் தீங்கை விளைவிக்கிறது. டெல்லியோடு ஒப்பிட்டு ஆறுதல் கொள்ளும் சென்னையின் வாதம் இங்கே நொறுங்கிவிடுகிறது.

அளவுகோலின் தாராளமும் இந்த ஆறுதலுக்குத் துணைபோகிறது. 2009 நவம்பரில் அறிவிக்கப்பட்ட இந்தியத் தரநிலையின்படி பி.எம். 2.5க்கு ஆண்டுச் சராசரி வரம்பு 40 மைக்ரோகிராம், 24 மணி நேர வரம்பு 60. உலக சுகாதார அமைப்பு 2021இல் திருத்தியமைத்த வழிகாட்டு அளவுகளோ முறையே 5, 15. சென்னையின் ஆண்டுச் சராசரி அண்மை ஆண்டுகளில் 30ஐ ஒட்டி ஏறியிறங்கி வருவதால், இந்தியச் சட்டத்தின் கண்ணில் நகரம் தேறிவிடுகிறது. உலக அளவுகோலில் ஆறு மடங்கு தவறுகிறது. 2015இல் நடைமுறைக்கு வந்த காற்றுத் தரக் குறியீட்டில் 24 மணி நேரச் சராசரி 31 முதல் 60 மைக்ரோகிராம்வரை 'திருப்தி' என்னும் வகையில் பச்சை நிறத்தில் காட்டப்படுகிறது. கைபேசியில் அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு ஆஸ்துமாவுள்ள பிள்ளையை விளையாட அனுப்பும் பெற்றோருக்கு, அதே காற்று உலக வழிகாட்டு அளவின் நான்கு மடங்காக இருக்கலாம் என்று சொல்வார் இல்லை.

உள்ளூரில் எழும் புகை

பெசன்ட் நகரின் மாசு முழுவதும் வெளியிலிருந்து வருவதன்று. சனி, ஞாயிறு மாலைகளில் ஆறாவது அவென்யூவிலும் இரண்டாவது அவென்யூவிலும் வண்டி நிறுத்த இடம் தேடி ஊர்ந்து சுற்றும் கார்களும் இருசக்கர வாகனங்களும், ஓடும் வேகத்தில் வெளியிடுவதைவிட ஒரு கிலோமீட்டருக்குக் கூடுதலான புகையை வெளியிடுகின்றன. ஆகஸ்ட் 29இல் கொடியேறும் அன்னை வேளாங்கண்ணி ஆலயத் திருவிழா செப்டம்பர் 8 வரை நகரத்தின் பல மூலைகளிலிருந்தும் மக்களை அங்கே கொண்டுவந்து சேர்க்கிறது. அடையாறு, இந்திரா நகர், திருவான்மியூர் வழியாகச் செல்லும் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகள் தோண்டிய மண், சாலைப் புழுதியோடு சேர்ந்து டயர்களால் மீண்டும் மீண்டும் கிளப்பப்படுகிறது. பி.எம். 10ஐப் பொறுத்தவரை சென்னையில் சாலைப் புழுதி பெரும்பங்கு வகிப்பதை, ஆறு இந்திய நகரங்களுக்காக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மேற்கொண்ட மூல ஆய்வும் காட்டியிருக்கிறது. மெட்ரோ ஓடத் தொடங்கிய பின் காற்றுக்கு நன்மை செய்யும் என்பது உறுதி. அதுவரை புழுதியைத் தண்ணீர் தெளித்து அடக்குவதும் தகடு கொண்டு மறைப்பதும் ஒப்பந்தக்காரரின் விருப்பமாக அன்றிக் கடமையாகக் கருதப்பட வேண்டும்.

மணற்பரப்பில் மாலையில் வரிசையாக நிற்கும் சோளக் கடைகளில், விற்பவர் ஒரு கையால் சிறு காற்றாடியைச் சுழற்றிக் கரித்துண்டுகளைக் கனிய வைக்கிறார், மறு கையால் கதிரைத் திருப்புகிறார். காற்றாடி வேகம் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் பொறியும் சாம்பலும் அவர் முகத்தை நோக்கியே எழுகின்றன. வாங்கித் தின்பவர் அந்தப் புகையில் இரண்டு நிமிடம் நிற்கிறார்; விற்பவர் நள்ளிரவுவரை நிற்கிறார். ஊரூர் ஆல்காட் குப்பத்திலும் ஓடைக்குப்பத்திலும் வாழ்வோர், மீன் விற்கும் பெண்கள், போக்குவரத்துக் காவலர்கள் ஆகியோரின் நாள் முழுவதும் திறந்தவெளியில் கழிகிறது. நகரச் சராசரி என்னும் எண் இவர்களுக்குப் பொருந்தாது. காற்றுச் சுத்திகரிப்பான் ஓடும் அறையில் இருப்பவரும் சாலைச் சந்திப்பில் இருப்பவரும் ஒரே ஊரில் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளலாமே தவிர, ஒரே காற்றில் இருப்பதாகச் சொல்ல முடியாது. சருகுகளைக் கூட்டித் தெருமுனையில் தீ வைக்கும் பழக்கமும் மரங்கள் மிகுந்த இப்பகுதியில் இன்னும் ஒழியவில்லை. எருவாகக்கூடிய இலை, பிளாஸ்டிக் உறைகளோடு சேர்ந்து எரியும்போது நச்சாகிறது.

ஆண்டில் இரு நாட்கள் தனியாகக் கவனிக்கத் தக்கவை. தீபாவளிப் பட்டாசில் பச்சை நிறத்துக்குப் பேரியமும் சிவப்புக்கு ஸ்டிரான்ஷியமும் வெள்ளொளிக்கு அலுமினியமும் சேர்க்கப்படுகின்றன. எரிந்த பின் அவை மறைவதில்லை, நுண்துகளாகிவிடுகின்றன. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரிய உப்புகளுக்குத் தடை விதித்து, பட்டாசு வெடிக்கும் நேரத்தை இரண்டு மணியாக வரையறுத்தது; தமிழ்நாட்டில் அது காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று பிரிக்கப்பட்டது. சிவகாசியின் லட்சக்கணக்கான தொழிலாளரின் பிழைப்பு இதில் அடங்கியிருப்பதால் முழுத் தடையைவிட வேதிப்பொருள் மாற்றமே நியாயமான வழி. ஆனால் நேரக் கட்டுப்பாடு பெயரளவில் நின்றுவிட்டதை எந்தத் தீபாவளி இரவும் காட்டும்.

போகியின் கதை இன்னும் கடுமையானது. பழைய பாயும் கிழிந்த துணியும் வைக்கோலும் எரிந்த காலத்தில் அந்தப் புகை விடிந்ததும் கலைந்துவிடும் அளவிலேயே இருந்தது. டயரும் டியூபும் பிளாஸ்டிக்கும் எரிபொருளான பின், நிலமட்டக் காற்று அசையாமல் நிற்கும் மார்கழியின் கடைசி விடியலில் அது நகரத்தையே மூடிவிடுகிறது. 2018 ஜனவரி 13 அன்று போகிப் புகையும் பனியும் கலந்து சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் போனது. தரையிறங்க வேண்டிய விமானங்கள் பிற நகரங்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. பிளாஸ்டிக்கும் ரப்பரும் திறந்தவெளியில் எரியும்போது உருவாகும் டையாக்சின்கள் மண்ணிலும் கால்நடைகளின் கொழுப்பிலும் தங்கிப் பாலின் வழியாகவும் முட்டையின் வழியாகவும் மனிதரிடம் திரும்பி வருகின்றன.

அணைக்க முடியாத நெருப்புகளும் உண்டு. 2022 ஏப்ரல் 27 அன்று பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் பற்றிய தீ பல நாட்கள் கனன்றது. தீயணைப்பு வண்டிகள் மேற்பரப்பை நனைத்தபோதும், மட்கும் குப்பையிலிருந்து எழும் மீத்தேன் அடியில் எரிந்துகொண்டே இருந்தது. பெசன்ட் நகரிலிருந்து சேகரிக்கப்பட்ட குப்பையும் பல்லாண்டுகளாக அந்த மேட்டில்தான் கொட்டப்பட்டது என்பதால், பள்ளிக்கரணையும் துரைப்பாக்கமும் அன்று சுவாசித்தது தென்சென்னை முழுவதின் கழிவை.

மின்சாரத்தின் கதையும் இதுவே. அடையாற்றுக்குத் தெற்கே குளிர்சாதனங்கள் ஓட, எண்ணூர்க் கரையில் வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரிகிறது. மணலி 2009ஆம் ஆண்டிலேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தால் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதியாக 76.32 என்னும் குறியீட்டு மதிப்புடன் அறிவிக்கப்பட்டது. கடற்காற்று அங்கே நன்மைக்கு மாறாகத் தீமையும் செய்கிறது: கடலிலிருந்து வரும் குளிர்ந்த காற்று வெப்ப நிலத்தின் மேல் நகரும்போது தரையை ஒட்டிக் கொந்தளிப்பான ஓர் அடுக்கு உருவாகி உள்நாட்டை நோக்கி உயர்ந்து செல்கிறது, உயர்ந்த புகைபோக்கியிலிருந்து வெளிப்பட்ட புகை அந்த அடுக்கைத் தொட்டதும் கிடுகிடுவென்று கீழிறக்கப்பட்டுக் குடியிருப்புகளின் மேல் படிகிறது. புகைபோக்கியின் உயரமே பாதுகாப்பு என்னும் பொறியியல் கணக்கு கடலோரத்தில் இவ்வாறு தவறிவிடுகிறது.

கந்தக டை ஆக்சைடைப் புகையிலிருந்து பிரித்தெடுக்கும் சாதனங்களை அனல்மின் நிலையங்கள் பொருத்த வேண்டும் என்னும் நிலையை ஒன்றிய அரசு 2015 டிசம்பரில் அறிவித்த விதிகள் உருவாக்கின. கெடு மீண்டும் மீண்டும் தள்ளிப்போடப்பட்டு, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே அளிக்கப்பட்டது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களுக்கு 10 கிலோமீட்டருக்குள் அமைந்தவை 2027 டிசம்பருக்குள் பொருத்த வேண்டும் என்னும் கட்டாயம் எஞ்சியிருக்கிறது. கந்தக டை ஆக்சைடு வாயுவாக வெளிவந்தாலும் காற்றிலேயே சல்பேட்டு நுண்துகளாக மாறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணிக்கக்கூடியது என்பதால், 10 கிலோமீட்டர் என்னும் கோட்டுக்கு வளிமண்டலத்தில் பொருளில்லை.

மரமும் கடலும் மேகமும்

மனித உடலுக்கு வெளியேயும் சேதம் குறைவன்று. சாலையோர வேம்பின் இலையில் படியும் புழுதி இலைத்துளைகளை அடைத்து ஒளிச்சேர்க்கையைக் குறைக்கிறது. வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரிந்து உருவாகும் தரைமட்ட ஓசோன் இலைத் திசுவையே எரிக்கிறது, நகருக்கு வெளியே நெல் விளைச்சலையும் பாதிக்கிறது. கிண்டித் தேசியப் பூங்காவும் பிரம்மஞான சபைத் தோப்பும் தென்சென்னையின் தூசியை ஓரளவு வடித்துத் தருகின்றன. வடிக்கும் வேலையைச் செய்யும் மரமும் அதற்குரிய விலையைச் செலுத்துகிறது. கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டது என்ன ஆகிறது என்னும் வினாவுக்கு, சென்னையில் பிறந்த அறிவியலாளர் வீரபத்ரன் ராமநாதனும் பால் குருட்சனும் முன்னின்று நடத்திய இந்தியப் பெருங்கடல் ஆய்வு 1999இலேயே விடை தந்தது: தெற்காசியாவின் புகை, குளிர்கால மாதங்களில் வங்கக் கடலையும் இந்தியப் பெருங்கடலையும் மூடும் பழுப்பு மேகமாகப் பரவிக் கிடக்கிறது, கடற்பரப்பை எட்டும் வெயிலைக் குறைத்து, நீர் ஆவியாவதையும் பருவமழையையும் அது பாதிக்கக்கூடியது.

அரசு முனைந்தால் மாற்றம் வரும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமாகி, 2000ஆம் ஆண்டுக்குள் ஈயம் நாடெங்கும் பெட்ரோலிலிருந்து நீக்கப்பட்டது; குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குலைத்த ஒரு நஞ்சு, பெரிய போராட்டம் ஏதுமின்றி ஓர் ஆணையால் காற்றிலிருந்து அகன்றது. 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 எரிபொருள் வந்தபோது கந்தக அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. 2014இல் எலியட்ஸ் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கார்களுக்கு விடுமுறை விடப்பட்டபோது குழந்தைகள் நடுச்சாலையில் மட்டைப்பந்து விளையாடினார்கள். அது ஒரு சில மணி நேரக் கொண்டாட்டமாக மட்டுமே கருதப்பட்டதால், நெரிசலும் புகையும் உண்மையில் உச்சம் தொடும் சனி, ஞாயிறு மாலைகளுக்கு அந்த ஏற்பாடு நீட்டிக்கப்படவில்லை.

இப்போது பெசன்ட் நகருக்கு உடனடியாகத் தேவைப்படுவது அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டி ஒரு தொடர் கண்காணிப்பு நிலையம். அதன் அளவுகள் மணிக்கு மணி, காற்றின் திசையோடும் துகளின் வேதிக்கூறோடும் சேர்த்துத் தமிழில் வெளியிடப்பட வேண்டும். மார்கழி, தை மாதங்களில் விளையாட்டு வகுப்பை எத்தனை மணிக்கு வைப்பது என்று ஒரு பள்ளி தீர்மானிக்கவும், இதய நோயாளியை விடியற்காலையில் நடக்கச் சொல்லலாமா என்று ஒரு மருத்துவர் முடிவு செய்யவும், துப்புரவுப் பணியின் தொடக்க நேரத்தை மாநகராட்சி மாற்றியமைக்கவும் அந்த எண்கள் வேண்டும். அவை கிடைக்கும்வரை, கடலோரத்தில் வாழ்வோர் பல கிலோமீட்டர் தள்ளியுள்ள வேளச்சேரியின் அளவையோ பெருங்குடியின் அளவையோ பார்த்துத்தான் தங்கள் மூச்சைப் பற்றி ஊகிக்க வேண்டியிருக்கிறது.